மங்கோலியப் படைத்தலைவர் சுக்பாத்தர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மங்கோலியப் படைத்தலைவர் என்றால் செங்கிஸ் கான்தானே? இவர் யார்?

செங்கிஸ் கானுக்கும் இவருக்கும் எழுநூறு ஆண்டு இடைவெளி. தம்தின் சுக்பாத்தர் இருபதாம் நூற்றாண்டுக்காரர். 1893 பிப்ரவரி 2-ஆம் தேதி பிறந்தார், 1923 பிப்ரவரியில் இறந்தார். முப்பதே வயது. படைத்தலைவராக இருந்தது சுமார் இரண்டு வருடம்தான். அந்த இரண்டு வருடத்தில் சீனப் படை வெளியேறியது, ரஷ்யாவின் பொதுவுடைமை எதிர்ப்பு 'வெள்ளை'ப் படை அழிந்தது, மங்கோலியாவில் ஒரு புதிய அரசு உட்கார்ந்தது.

இதையெல்லாம் இவர் ஒருவரே செய்தார் என்று அந்நாட்டுப் பாடப்புத்தகங்கள் ஐம்பது அறுபது வருடம் சொல்லிக்கொடுத்தன. அப்படி இல்லை. ஆனால் இவர் வெறும் பொம்மையும் இல்லை. கீழே வரும் பதில்கள் அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த மனிதரைப் பற்றியவை.

பெயருக்கு என்ன பொருள்?

மங்கோலிய மொழியில் 'சுக்' என்றால் கோடரி, 'பாத்தர்' என்றால் வீரன். கோடரி வீரன். நமக்குப் பரசுராமன் நினைவுக்கு வந்தால் தப்பில்லை, பொருள் கிட்டத்தட்ட அதுதான். முன்னால் வரும் 'தம்தின்' அப்பா பெயர். நம் இனிஷியல் மாதிரிதான் அங்கேயும், குடும்பப் பெயர் கிடையாது.

இந்தப் 'பாத்தர்' நமக்கும் தெரிந்த சொல். பழைய மங்கோலிய வடிவம் பாரசீகத்துக்குள் போய், அங்கிருந்து இந்தியாவுக்கு வந்து 'பகதூர்' ஆனது. வெள்ளைக்காரன் காலத்து ராவ் பகதூர், திவான் பகதூர் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். தலைநகர் உலான்பாத்தரின் பெயரிலும் அதே சொல் இருக்கிறது. 'உலான்' என்றால் சிவப்பு, ஆகவே செவ்வீரன் நகரம். நம் செய்தித்தாள்களில் உலான் பட்டோர், உலான் பத்தூர் என்று பலவிதமாக வருவது இந்த ஊர்தான்.

எந்த மாதிரிக் குடும்பம்?

ஏழைக் குடும்பம். அப்பா தம்தின் கிழக்குப் பக்கத்துச் சேத்சன் கான் மாகாணத்தை விட்டு, கூலி வேலை தேடித் தலைநகர்ப் பக்கம் வந்தவர். அப்போது தலைநகரை வெளிநாட்டவர் உர்கா என்றார்கள். மங்கோலியர்களுக்கு அது 'ஹூரே', அதாவது மடம். பெரிய பௌத்த மடத்தைச் சுற்றி வளர்ந்த ஊர். அதற்குக் கிழக்கே சீன வியாபாரிகளின் குடியிருப்பு ஒன்று இருந்தது. சுக்பாத்தர் பிறந்தது அங்கே.

பிறகு குடும்பம் ரஷ்யத் தூதரகத்தின் அருகே குடிபோனது. பையன் ரஷ்யப் பிள்ளைகளோடு விளையாடியே கொஞ்சம் ரஷ்ய மொழி பிடித்துக்கொண்டான். பின்னாளில் இது ரொம்பவே உதவியது. பதினான்கு வயதில்தான் எழுத்துப் படிப்பு. சொல்லிக்கொடுத்தவர் ஜம்யான் என்ற அறிஞர். புரட்சிக்குப் பிறகு நாட்டின் முதல் ஆய்வு நிறுவனத்துக்கு அதே ஜம்யான் தலைவரானார்.

பதினாறு, பதினேழு வயதில் என்ன வேலை பார்த்தார்?

பதிலாள் வேலை. அது என்ன என்று கொஞ்சம் விளக்க வேண்டும்.

மங்கோலியாவில் 'ஒர்த்தோ' என்று ஒரு அஞ்சல் முறை இருந்தது. சுமார் முப்பது கிலோமீட்டருக்கு ஒரு நிலையம். அரசு ஆள் வந்தால் புதுக் குதிரை, சாப்பாடு, வழிகாட்டி எல்லாம் அந்த நிலையத்தில் தயாராக இருக்க வேண்டும். செங்கிஸ் கானின் மகன் ஒகோதை காலத்தில் ஒழுங்குபடுத்தப்பட்ட ஏற்பாடு. இருபதாம் நூற்றாண்டிலும் அது ஓடிக்கொண்டிருந்தது. சுமை முழுக்கச் சாதாரண மேய்ச்சல்காரன் தலையில். ஒவ்வொரு குடும்பமும் முறை போட்டு ஆளும் குதிரையும் கொடுத்தாக வேண்டும். வசதியுள்ளவர்கள் காசு கொடுத்துத் தங்களுக்குப் பதிலாக ஓர் ஏழைப் பையனை அனுப்பிவிடுவார்கள். சுக்பாத்தர் அந்த ஏழைப் பையன்.

மைனஸ் முப்பது டிகிரிக் குளிரில் அடுத்தவன் முறைக்குக் குதிரை ஓட்டிய பையனுக்கு நில அமைப்பும் மனப்பாடம் ஆனது, நாட்டில் யார் தலையில் சுமை விழுகிறது என்பதும் புரிந்தது. அவருடைய குதிரையேற்றத்தைப் பின்னால் எல்லாரும் புகழ்ந்தார்கள். அதைக் கற்றுக்கொண்டது இந்த வேலையில்தான்.

அப்போது நாட்டை யார் ஆண்டார்கள்?

இதைப் புரிந்துகொள்ளாமல் மீதியைப் படித்தால் தலை சுற்றும். சுருக்கமாகச் சொல்கிறேன்.

1911 வரை மங்கோலியா சீனாவின் சிங் பேரரசுக்குக் கீழே. மங்கோலியப் பிரபுக்கள் இருந்தார்கள். ஆனால் அவர்களும் அவர்களுடைய குடிகளும் சீன வியாபாரிகளிடம் கழுத்தளவு கடனில். அந்த ஆண்டு சீனாவில் புரட்சி வெடித்ததும், டிசம்பரில் மங்கோலியா தன்னைச் சுதந்திர நாடு என்று அறிவித்தது. அரியணையில் அமர்ந்தவர் எட்டாவது ஜெப்சுந்தம்பா, நாட்டின் மிக உயர்ந்த லாமா. பட்டம் 'போக்து கான்'. திபெத்தில் பிறந்தவர். வயதாக ஆகப் பார்வை கிட்டத்தட்டப் போய்விட்டது.

இந்தச் சுதந்திரத்தை யாரும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. 1915-இல் ரஷ்ய எல்லை ஊரான கியாக்தாவில் ரஷ்யா, சீனா, மங்கோலியா மூன்றும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 'தன்னாட்சி உண்டு, ஆனால் சீனாவின் மேலாட்சிக்குக் கீழே' என்று முடிந்தது. அதையும் தாங்கிப் பிடித்தது ஜார் ரஷ்யாவின் செல்வாக்குதான். 1917-இல் ஜார் விழுந்தார். பிடிமானம் போயிற்று. சுக்பாத்தர் மேடைக்கு வருவது அந்த வெற்றிடத்தில்.

ராணுவத்தில் எப்படிச் சேர்ந்தார்?

புது அரசு புதுப் படை கட்டியது. அதில் சேர்க்கப்பட்டார். உர்காவுக்குப் பக்கத்தில் ஹூஜிர்புலான் என்ற இடத்தில் ரஷ்யர்கள் நடத்திய பயிற்சிப் பள்ளி. இயந்திரத் துப்பாக்கிப் பிரிவு அவருக்குக் கிடைத்தது. அன்றைக்கு அது புத்தம் புதுத் தொழில்நுட்பம். குதிரை வில்லாளிகளின் நாட்டில் அதைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். சீக்கிரமே ஒரு பிளாட்டூனுக்கு, அதாவது சிறு படைப்பிரிவுக்கு, பொறுப்பாளரானார்.

ஒரு கட்டத்தில் படைவீரர்கள் கலகம் செய்தார்கள். மோசமான சாப்பாடு, அதிகாரிகளின் ஊழல். சுக்பாத்தர் அதில் முன்னால் நின்றவர்களில் ஒருவர். ஆனாலும் பெரிய தண்டனை இல்லாமல் தப்பினார். வீரர்களிடம் அவருக்கு இருந்த செல்வாக்கைப் பார்த்து மேலிடம் கை வைக்கத் தயங்கியது என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம்.

1917-இல் கிழக்கு எல்லையில் நடந்த சண்டையில் மக்சர்ஜாவ் என்ற தளபதியின் கீழ் போரிட்டார். எதிரே இருந்தவர்கள், முந்தைய ஆண்டு கொல்லப்பட்ட பாபுஜாவ் என்ற உள்மங்கோலியத் தலைவரின் ஆட்கள். இங்கே காட்டிய துணிச்சலுக்குத்தான் அரசு அவருக்கு 'பாத்தர்' பட்டம் கொடுத்தது. இந்த மக்சர்ஜாவையும் நினைவில் வையுங்கள். 1921-இல் மேற்கு மங்கோலியாவில் வெள்ளைப் படையை எதிர்த்து நின்றவர் அவர்தான். போர் அனுபவத்தில் சுக்பாத்தரைவிடப் பெரியவர் என்று தாராளமாகச் சொல்லலாம்.

கம்பாசிட்டராக இருந்தார் என்பது உண்மையா?

உண்மை. 1918-இல் அவரைப் படையிலிருந்து எடுத்து உர்காவின் அச்சகத்தில் போட்டார்கள். சட்டத் தொகுப்பு, பௌத்த நூல்கள் இவற்றுக்கு எழுத்துக் கோர்க்கும் வேலை. மேலிருந்து கீழாக ஓடும் மங்கோலிய எழுத்தை ஈய அச்சில் ஒவ்வொன்றாக அடுக்க வேண்டும். வீரர்களிடமிருந்து அவரைப் பிரித்து வைக்கத்தான் இந்த ஏற்பாடு என்று சிலர் சொல்வார்கள்.

எனக்கு அவர் வாழ்க்கையில் பிடித்த பகுதி இதுதான். சிலைகளிலும் ஓவியங்களிலும் எப்போதும் குதிரை மேல் இருக்கிறார். மை படிந்த விரல்களோடு சட்டப் புத்தகத்தை எழுத்து எழுத்தாகப் படித்த நாட்களை யாரும் வரையவில்லை. பதினான்கு வயதில் படிக்கக் கற்றவருக்கு அந்த அச்சகம் ஒரு கல்லூரி மாதிரி இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

1919-இல் என்ன நடந்தது?

சீனத் தளபதி சூ ஷுஜெங் படையோடு உர்காவுக்கு வந்தார். தன்னாட்சியைக் கைவிடும்படி மங்கோலிய அரசை மிரட்டிப் பணிய வைத்தார். மங்கோலியப் படை கலைக்கப்பட்டது. 1920 பிப்ரவரியில் நடந்த சடங்கில், சீனக் குடியரசுத் தலைவரின் படத்துக்கு முன்னால் மங்கோலியப் பிரபுக்களும் லாமாக்களும் தரையில் விழுந்து வணங்க வேண்டியிருந்தது.

மங்கோலிய வரலாறு எழுதும் எவரும் இந்தச் சடங்கைத் தாண்டிப் போக மாட்டார்கள். அரசு போனதைவிட அந்த வணக்கம்தான் மனதில் குத்தியது. ரகசியக் குழுக்கள் முளைத்ததற்கு உடனடிக் காரணமும் அந்த அவமானம்தான்.

'எழுவர்' என்கிறார்களே, யார் அவர்கள்?

உர்காவில் இரண்டு ரகசியக் குழுக்கள். ரஷ்யத் தூதரகம் இருந்த மேட்டுப் பகுதியில் கூடிய குழுவில் போதோ, சோய்பல்சான், சக்தர்ஜாவ், லோசோல். கிழக்கு உர்காக் குழுவில் தன்சான், தொக்சோம், சுக்பாத்தர். முதல் குழுவுக்கு ரஷ்யத் தொடர்பு அதிகம். இரண்டாவது குழுவில் அரசு ஊழியர்களும் படைவீரர்களும். 1920 ஜூன் 25-ஆம் தேதி இரண்டும் இணைந்தன. அதுதான் மங்கோலிய மக்கள் கட்சி. இன்றும் மங்கோலிய அரசியலில் அதுவே பெரிய கட்சிகளில் ஒன்று.

அந்தக் கோடையில் எழுவரும் சோவியத் உதவி கேட்டு எல்லை தாண்டினார்கள். முதலில் போனவர்களிடம் சோவியத் அதிகாரிகள், போக்து கானின் முத்திரை பதித்த கடிதம் வேண்டும் என்றார்கள். கடிதம் கிடைத்தது. அதைச் சாட்டைக் கைப்பிடியைக் குடைந்து உள்ளே ஒளித்து, சீனக் காவலைத் தாண்டிக் கொண்டுபோனவர் சுக்பாத்தர் என்பது அந்நாட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் தெரிந்த கதை.

கவனியுங்கள், பொதுவுடைமைப் புரட்சியாளர்கள் கொண்டுபோனது ஒரு லாமா மன்னரின் கடிதம். அப்போது அவர்கள் கேட்டதும் மன்னராட்சியை ஒழிப்பதை அல்ல, சீனப் படையை வெளியேற்றி போக்து கானை மறுபடி அமர்த்துவதைத்தான்.

சைபீரிய நகரமான இர்குட்ஸ்க் போனதும் எழுவரும் பிரிந்தார்கள். தன்சான், லோசோல், சக்தர்ஜாவ் மூவரும் மாஸ்கோ நோக்கி. போதோவும் தொக்சோமும் ஆள் சேர்க்க உர்காவுக்கே திரும்பினார்கள். சுக்பாத்தரும் சோய்பல்சானும் இர்குட்ஸ்கிலேயே தங்கி ராணுவப் பயிற்சி பெற்றார்கள்.

உங்கெர்ன் என்ற பெயர் அடிக்கடி வருகிறதே, அவர் யார்?

ரோமன் வான் உங்கெர்ன்-ஸ்டெர்ன்பெர்க். பால்டிக் ஜெர்மானியப் பிரபு குலத்தில் வந்த ஜார் படை அதிகாரி. ரஷ்ய உள்நாட்டுப் போரில் சோவியத் அரசின் செம்படைக்கு எதிரான வெள்ளையர் தரப்பு. தோற்றுக்கொண்டிருந்த போரிலிருந்து விலகி, தன் ஆசியக் குதிரைப்படையோடு மங்கோலியாவுக்குள் புகுந்தார். ஜார், சீனப் பேரரசர், போக்து கான் என்று விழுந்த முடிகளையெல்லாம் மறுபடி தூக்கி நிறுத்துவது அவருடைய கனவு. கொடூரத்துக்குப் பேர்போனவர்.

1920 கடைசியில் உர்காவைத் தாக்கித் தோற்றார். 1921 பிப்ரவரித் தொடக்கத்தில் மறுபடி தாக்கி, சீனப் படையை விரட்டினார். அதே மாதம் போக்து கான் மறுபடி அரியணையில். ஆக, சுக்பாத்தர் குழு சோவியத்தைக் கேட்டுக்கொண்டிருந்த காரியத்தை உங்கெர்ன் முந்திக்கொண்டு செய்துவிட்டார். பல மங்கோலியர்கள் முதலில் அவரை விடுவித்தவராகத்தான் பார்த்தார்கள். நகரத்தில் யூதர்களையும், செம்படைச் சார்பு என்று சந்தேகப்பட்டவர்களையும் அவர் ஆட்கள் கொன்று குவித்த பிறகு அந்த மதிப்பு போயிற்று.

சோவியத்துக்கு இதுவரை இருந்த தயக்கமும் இதோடு போனது. சீனாவோடு சண்டை வேண்டாம் என்று ஒதுங்கியிருந்தவர்களுக்கு, எல்லைக்கு அப்பால் ஒரு வெள்ளைப் படை உட்கார்ந்திருப்பது சும்மா விடக்கூடிய விஷயம் இல்லை.

சுக்பாத்தர் உண்மையில் ஜெயித்த போர் எது?

கியாக்தா. 1921 மார்ச் 18.

அதற்கு முன்பு நடந்தவை வேகமானவை. பிப்ரவரியில் சுக்பாத்தர் மக்கள் படையின் தலைமைத் தளபதி ஆனார். மார்ச் முதல் மூன்று நாட்கள் ரஷ்ய எல்லைக்குள் கட்சியின் முதல் மாநாடு. தலைவராகத் தேர்வானவர் தன்சான், சுக்பாத்தர் இல்லை. மார்ச் 13-ஆம் தேதி தற்காலிக அரசு. ஆனால் அந்த அரசுக்குச் சொந்த மண்ணில் ஒரு தெரு கூட இல்லை.

எல்லையில் ரஷ்யப் பக்கம் கியாக்தா, மங்கோலியப் பக்கம் அதை ஒட்டிச் சீன வியாபார ஊர் ஒன்று. ஒரு காலத்தில் சீனத் தேயிலை முழுக்க ரஷ்யாவுக்குப் போன வாசல் அது. அங்கே சீனப் படை தங்கியிருந்தது. உர்காவில் உங்கெர்னிடம் அடிவாங்கி ஓடிவந்தவர்களும் அங்கேதான். சுக்பாத்தர் சரணடையச் சொன்னார், பதில் இல்லை. தாக்கினார்.

நானூறு பேர் பத்தாயிரம் பேரைத் தோற்கடித்தார்கள் என்று பழைய அரசு வரலாறு சொல்லும். பத்தாயிரம் என்பதில் தாராளமாக உப்புப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. எண்ணிக்கையில் சீனர்கள் பல மடங்கு என்பது சரி, ஆனால் தோற்று, பசித்து, சம்பளம் இல்லாமல், ஊர் திரும்பத் துடித்துக்கொண்டிருந்த படை அது. சுக்பாத்தரின் ஆட்கள் சின்னப் படை. பெரும்பாலும் மேய்ச்சல்காரர்களும் கலைக்கப்பட்ட படையின் பழைய வீரர்களும். இன்றும் மங்கோலியா மார்ச் 18-ஐத்தான் ராணுவ நாளாகக் கொண்டாடுகிறது.

ஊருக்கு அல்தான்புலாக் என்று பெயர் மாற்றினார்கள். பொன் ஊற்று என்று பொருள். தற்காலிக அரசு அங்கே குடியேறியது. கையளவு இடம்தான், ஆனாலும் இப்போது அது மங்கோலிய மண்ணில் இருக்கும் மங்கோலிய அரசு.

உர்காவைப் பிடித்தது இவரா, செம்படையா?

சேர்ந்துதான், ஆனால் எடை செம்படைப் பக்கம். ஜூனில் உங்கெர்ன் வடக்கே வந்து அல்தான்புலாக்கைத் தாக்கினார். மங்கோலியரும் சோவியத் படையும் சேர்ந்து முறியடித்தார்கள். பிறகு தெற்கு நோக்கி அணிவகுப்பு. ஜூலை 6-ஆம் தேதி முன்னணிப் படை உர்காவுக்குள் நுழைந்தது. பெரிய எதிர்ப்பு இல்லை, ஏனென்றால் உங்கெர்னின் முக்கியப் படை அங்கே இல்லை.

ஜூலை 11-ஆம் தேதி புதிய அரசு. போக்து கான் மன்னர், போதோ பிரதமர், சுக்பாத்தர் போர் அமைச்சரும் தலைமைத் தளபதியும். மல்யுத்தம், வில், குதிரைப் பந்தயம் மூன்றும் நடக்கும் நாதம் திருவிழாவை அரசு ஜூலை 11-இல் தொடங்குவது இந்த நாளை முன்னிட்டுத்தான். உங்கெர்ன் ஆகஸ்டில் பிடிபட்டார், செப்டம்பரில் சைபீரியாவில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

சோவியத் படை உடனே திரும்பிப் போகவில்லை. 1925 வரை இருந்தது.

லெனினைச் சந்தித்தாரா?

சந்தித்தார். 1921 நவம்பர், மாஸ்கோ. நவம்பர் 5-ஆம் தேதி இரு நாட்டுக்கும் இடையே நட்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. சோசலிசக் காலத்து ஓவியங்களில் லெனினும் சுக்பாத்தரும் மட்டும் பேசிக்கொண்டிருப்பது போல இருக்கும். போனது ஒரு தூதுக்குழு, அதன் தலைவர் தன்சான். 1924-இல் தன்சானைச் சுட்டுக் கொன்ற பிறகு ஓவியத்திலும் அவருக்கு இடம் இல்லாமல் போயிற்று.

அப்படியென்றால் இவர் சோவியத் கைப்பாவையா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் 1930-களை மனதில் வைத்துக் கேட்கிறார்கள். அப்போது ஸ்டாலின் சொல்படி ஆடியவர் சோய்பல்சான். பல்லாயிரம் லாமாக்கள் கொல்லப்பட்டார்கள், மடங்கள் இடிக்கப்பட்டன. சுக்பாத்தர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

1920-இல் அவர் முன்னே இருந்த வழிகள் எவை? படை இல்லாத நாடு. ஒரு பக்கம் சீனா, மறுபக்கம் உள்நாட்டுப் போரில் எரியும் ரஷ்யா. உதவி கேட்டுப் போகக்கூடிய வேறு வாசல் அருகில் கிடையாது. உதவி வாங்கினால் விலை உண்டு என்பதும் அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. என் கணக்கில் அவர் முதலில் நாட்டுப் பற்றாளர், பிறகுதான் மற்றதெல்லாம். கொள்கை விளக்கம் எழுதும் வேலையை அவர் போதோவிடமும் மற்றவர்களிடமும் விட்டிருந்தார். அவர் பேச்சில் சித்தாந்தத்தைவிட நாடு அதிகம். ஆனால் 1922 ஆகஸ்டில் போதோவும் சக்தர்ஜாவும் சதிக் குற்றச்சாட்டில் கொல்லப்பட்டபோது ஆட்சியின் உச்சியில் அவரும் இருந்தார். அந்தக் கறையை அவரிடமிருந்து முழுக்கத் துடைக்க முடியாது.

எப்படி இறந்தார்? விஷம் வைத்தார்களா?

1923 பிப்ரவரி. மங்கோலியப் புத்தாண்டான 'சகான் சார்' நெருங்கிய நேரம். ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடக்கப்போகிறது என்று வதந்தி. சுக்பாத்தர் இரவு பகலாகக் காவல் ஏற்பாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குளிரில் உடம்பு சாய்ந்தது, சில நாட்களில் இறந்துவிட்டார்.

லாமாக்கள் விஷம் வைத்தார்கள் என்ற கதை பிற்பாடு, சோய்பல்சான் காலத்தில் பரப்பப்பட்டது. லாமாக்களை ஒடுக்கியதற்கு நியாயம் தேவைப்பட்ட காலம் அது. இன்னொரு பக்கம், ரஷ்யர்கள்தான் கொன்றார்கள் என்றும் பேச்சு உண்டு. இரண்டுக்கும் ஆதாரம் இல்லை. ஓய்வில்லாத வேலை, கடுங்குளிர், அன்றைய வைத்திய வசதி, இந்த மூன்றுமே ஒரு முப்பது வயது மனிதரைக் கொல்லப் போதும். இருந்தாலும் இளவயதில் திடீரென்று போகும் தலைவருக்குச் சாதாரணச் சாவை யாரும் ஒப்புக்கொள்வதில்லை. எங்கும் அப்படித்தான்.

எழுவரில் மற்ற ஆறு பேர் என்ன ஆனார்கள்?

போதோ, சக்தர்ஜாவ்: 1922-இல் மரண தண்டனை. தன்சான்: 1924-இல், கட்சியின் மாநாடு நடந்துகொண்டிருந்தபோதே கைது, மரண தண்டனை. லோசோல்: சோவியத் சிறையில் 1940-இல் சாவு. தொக்சோம்: 1941-இல் மரண தண்டனை. சோய்பல்சான்: 1952-இல் மாஸ்கோவில், நோய்வாய்ப்பட்டு.

எழுவரில் படுக்கையில் செத்தவர்கள் இருவர்தான். சுக்பாத்தரின் புகழுக்கு இதில் ஒரு கணக்கு இருக்கிறது. அவர் 1923-க்குப் பிறகும் இருந்திருந்தால், ஒன்று கொல்பவராக இருந்திருக்க வேண்டும், இல்லை கொல்லப்பட்டவராக. முன்னதாகவே போனதால் எல்லாத் தரப்பும் அவரைத் தங்கள் ஆளாக்கிக்கொள்ள முடிந்தது. மற்றவர்களுடைய பங்கும் அவர் கணக்கில் எழுதப்பட்டது. 1924-இல் போக்து கான் இறந்து, நாடு குடியரசாகி, உர்காவுக்கு 'உலான்பாத்தர்' என்று பெயர் வைத்தார்கள். அந்தச் 'செவ்வீரன்' இவர்தான் என்று பலர் நினைக்கிறார்கள்.

குடும்பம்?

மனைவி யான்ஜ்மா. கணவரைப் போலவே 1893-இல் பிறந்தவர். ரகசியக் குழு நாட்களில் செய்தி சுமந்தவர். கணவர் போன பிறகு ஒதுங்கி உட்காரவில்லை. கட்சியிலும் பெண்கள் அமைப்பிலும் பல வருடம் வேலை செய்தார். 1953 செப்டம்பரிலிருந்து 1954 ஜூலை வரை மங்கோலியாவின் தற்காலிக அரசுத் தலைவர். உலகில் அரச குடும்பத்தில் பிறக்காமல் அந்த நிலைக்கு வந்த முதல் சில பெண்களில் ஒருவர். அவருக்கு முன்னால், பக்கத்தில் அப்போது தனி நாடாக இருந்த துவாவில் ஹெர்தெக் அன்சிமா இருந்தார். உலகின் முதல் பெண் பிரதமர் சிறிமாவோ என்று நாம் சரியாகவே படிக்கிறோம். அரசுத் தலைவர் பட்டியலில் இந்த இருவரையும் நம் பொது அறிவுப் புத்தகங்கள் கண்டுகொள்வதில்லை.

சிலையைப் பற்றிய குதிரைக் கதை என்ன?

1921 ஜூலையில் நகரத்துக்குள் வந்து கூட்டத்தில் பேசியபோது அவருடைய குதிரை அந்த இடத்திலேயே சிறுநீர் கழித்ததாம். மங்கோலியரிடம் அது நல்ல சகுனம். யாரோ ஒருவர் அந்த இடத்தை அடையாளம் செய்து வைக்க, 1946-இல் அங்கேயே சிலை எழுந்தது என்பார்கள். கதை உண்மையோ இல்லையோ, சிலை உண்மை. சிற்பி சோய்ம்போல். குதிரை மேல் அமர்ந்து கையை உயர்த்தியிருக்கும் தோற்றம். சுற்றியிருக்கும் இடம்தான் சுக்பாத்தர் சதுக்கம். 1990 மார்ச்சில் ஜனநாயகம் கேட்டு இளைஞர்கள் உண்ணாவிரதம் இருந்து, கட்சியின் உச்ச அமைப்பான அரசியல் குழுவையே பதவி விலக வைத்ததும் இந்தச் சதுக்கத்தில்தான்.

உடல் இப்போது எங்கே?

சோய்பல்சான் இறந்த பிறகு, சதுக்கத்தின் வடக்கே அரசு மாளிகைக்கு முன்னால், மாஸ்கோவின் லெனின் நினைவகம் மாதிரியே ஒரு நினைவகம் கட்டி இருவரையும் அதில் வைத்தார்கள். லாமாக்களைக் கொன்றவரோடு ஒரே கூரையின் கீழ் அரை நூற்றாண்டு. 2005-இல் அதை இடித்தார்கள். உடல்களைப் பௌத்த முறைப்படி எரித்து, சாம்பலை அல்தான் ஒல்கீ கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். நினைவகம் இருந்த இடத்தில் இப்போது பெரிய செங்கிஸ் கான் சிலை.

சதுக்கத்தின் பெயரை மாற்றினார்களாமே?

2013-இல் செங்கிஸ் சதுக்கம் என்று மாற்றினார்கள். 2016-இல் பழைய பெயரே திரும்பியது. சோசலிசக் காலத்தில் செங்கிஸ் கானைப் புகழ்வதே ஆபத்து. 1962-இல் அவருடைய 800-ஆவது பிறந்தநாள் விழாவுக்குத் துணை நின்ற மூத்த கட்சித் தலைவர் ஒருவர் பதவியே இழந்தார். அந்த இடைவெளியை நிரப்பிய வீரர் சுக்பாத்தர். 1990-க்குப் பிறகு செங்கிஸ் திரும்பி வந்தார், இவருக்கு இடம் கொஞ்சம் சுருங்கியது.

மங்கோலியப் பணத்தில் இருப்பது இவர் படமா?

இருவரும் இருக்கிறார்கள். 5, 10, 20, 50, 100 தோக்ரோக் நோட்டுகளில் சுக்பாத்தர். 500-இலிருந்து மேலே எல்லாவற்றிலும் செங்கிஸ் கான். விலைவாசி ஏறியதில் சின்ன நோட்டுகளுக்கு இப்போது மதிப்பு ரொம்பக் குறைவு. ஆகவே பயணிகள் கையில் சில்லறையாக மிஞ்சி, ஊருக்குத் திரும்பிய பிறகு பையில் கிடைக்கும் முகம் பெரும்பாலும் இவருடையதுதான்.